தேய்த்ததா, தேய்ந்ததா? – சித்தன்னவாசல் தாமரைக்குளமும் ஒரு வாழ்த்து அட்டையும்



இதுபோன்றதொரு மலரில் பல ஆண்டுகளுக்கு முன் சித்தன்னவாசல் ஓவியம் பற்றி நான் எழுதிய கட்டுரையைச் சில அன்பர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கக் கூடும். அந்தக் குகை ஓவியன் கோட்டிலே மன்னன், ஆனால் நிறத்தை ஒரே சீராகத்தான் பூசினான், ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைத்து ஒளியும் நிழலும் காட்டும் வித்தை வெள்ளைக்காரன் வந்தபிறகு நாம் கற்றது என்று அதிலே அடித்துச் சொல்லியிருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. அந்தக் கருத்து தவறு. அதை அச்சிலே சொன்னவன் அச்சிலேயே திருத்த வேண்டும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன். என்னைத் திருத்தியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். பன்னிரண்டு வயதான என் பேத்தி.

நான் பட்டம் பெற்றவன் இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். 1981-இல் தில்லிக்கு வந்து, கரோல் பாக்கில் காகிதமும் வாழ்த்து அட்டையும் விற்கும் சின்னக் கடை வைத்தவன். கரோல் பாக் தமிழருக்குப் புதிய இடமல்ல. 1923-இல் மதராசிக் கல்விக் கழகமாகத் தொடங்கி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக விளங்கும் அமைப்பின் பள்ளிகளுள் ஒன்று இங்கேதான் இருக்கிறது. அஜ்மல்கான் ரோட்டில் திங்கட்கிழமை கடை அடைப்பு. அந்தத் திங்கட்கிழமைகளும், தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிய பழைய புத்தகச் சந்தையும்தான் எனக்குப் பல்கலைக்கழகம். (அந்தச் சந்தை 2019-இல் மகிளா ஹாட்டுக்கு மாறிவிட்டது. மாறிய இடத்தில் எனக்கு இன்னும் மனசு ஒட்டவில்லை.) மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' நூலை ஊரிலிருந்து கொண்டுவந்தேன். சி. சிவராமமூர்த்தி அவர்களின் சித்திரசூத்திர நூலைத் தரியாகஞ்சில் பேரம் பேசி வாங்கினேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சிக்காரன் ஆனேன்.

கடையில் கைக்காகிதம் உண்டு. பெரும்பாலும் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள சங்கானேரிலிருந்து வரும். காகிதம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட காக்ஜிகள் வாழும் ஊர் அது. அங்குள்ள தேசியக் கைக்காகித நிறுவனத்துக்குக் குமரப்பா பெயரை வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் பிறந்து, 1934-இல் காந்தியடிகள் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்திய நம்ம ஜே. சி. குமரப்பாதான் அவர். பனியன் ஆலைக் கழிவுத்துணியை ஊறவைத்து, அரைத்து, சல்லடையில் அள்ளி, அழுத்தி, உலர்த்தி வரும் இந்தக் காகிதத்துக்கு மரக்கூழ்க் காகிதத்தின் வழவழப்பு கிடையாது. விரலால் தடவினால் மேலே ஒரு சொரசொரப்புத் தெரியும். சாக் பேஸ்டலுக்கு அதுதான் உயிர்.

பேஸ்டல் என்பது வேறொன்றுமில்லை. நிறப்பொடி, வெண்சுண்ணம், ஒட்டுவதற்குக் கொஞ்சூண்டு பிசின். மூன்றையும் பிசைந்து குச்சியாக உருட்டிக் காயவைத்தது. நான் அதற்குச் 'சுண்ணக்கோல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள். வழவழப்பான அட்டையில் இழுத்தால் பொடி நிற்காது, வழுக்கிப் போகும். கைக்காகிதத்தின் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். கோலைப் படுக்கவைத்து லேசாக இழுத்துவிட்டு விரல் நுனியால் தேய்த்தால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கரையும். அதிகமாகத் தேய்த்தால் பள்ளமெல்லாம் அடைபட்டு, நிறங்கள் குழம்பி, சேறு மாதிரி ஆகிவிடும். தில்லி மே மாதத்தில் விரல் வியர்வை பட்டால் திட்டு விழும். அதனால் பஞ்சோ காகிதச் சுருளோ வைத்துத் தேய்க்கிறவர்களும் உண்டு. முடித்தபின் அட்டையை நிமிர்த்தி, பின்பக்கம் தட்டி, உதிர்வதை உதிரவிட வேண்டும். வாயால் ஊதக் கூடாது. உறையில் போடும்போது மேலே ஒரு பட்டர் பேப்பர். இத்தனையும் என் பேத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தது. நாற்பது வருஷமாக விற்ற சரக்கின் குணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புகிற வழக்கம் செல்போன் வந்தபிறகு செத்தே போச்சு. அதனாலோ என்னவோ, கையால் செய்த அட்டைக்கு இப்போது ஒரு மதிப்பு வந்திருக்கிறது. பேத்தி ஒரு பொங்கலுக்குச் சித்தன்னவாசல் தாமரைக்குளத்தை அட்டையில் வரைந்தாள். என் அலமாரியில் இருந்த ஒரு பழைய அச்சுப்படத்தைப் பார்த்துப் போட்டது. இதழின் ஓரத்தில் அடர்சிவப்பு, உள்ளே போகப் போக வெளிறி, நடுவில் காகித வெள்ளை. இலையும் அப்படியே. விரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்திருந்தாள்.

"நல்லா இருக்கு கண்ணு. ஆனா சித்தன்னவாசல்ல இப்படித் தேய்க்கிற வேலை எல்லாம் கிடையாது. அவங்க கோடு போட்டு உள்ளே ஒரே நிறமா நிரப்புவாங்க" என்றேன்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா தாத்தா?"

பார்க்கவில்லை. அன்பர்களே, இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சமணனாகப் பிறந்து, அறிவர் கோயிலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி அச்சேற்றிவிட்டேனே தவிர, அந்த மலையடிவாரத்தில் கால் வைத்ததில்லை. அச்சுப்படத்தைப் பார்த்து எழுதினேன். அந்தக் காலத்து நான்கு வண்ண அச்சில் மென்மையான நிறமாற்றம் எதுவும் தப்பிப் பிழைக்காது என்பது காகிதக் கடைக்காரனான எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

என் தவறுக்கு இன்னொரு வேரும் உண்டு. தில்லியில் நான் முதலில் பார்த்துப் பழகிய சமண ஓவியம் சுவரோவியம் அல்ல, ஏட்டோவியம். தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கல்பசூத்திர ஏடுகளைத் திங்கட்கிழமை தவிர்த்த ஒரு நாளில், கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். மேற்கிந்தியச் சமணர்கள் பனையோலையை விட்டுக் காகிதத்துக்கு மாறியபிறகு எழுதப்பட்டவை அவை. சிவப்புப் பின்புலம், கூரிய மூக்கு, முகத்தை விட்டு வெளியே நீட்டிய கண். கோட்டுக்குள்ளே நிறம் தட்டையாக நிற்கும். நிழல் என்ற பேச்சே இல்லை. தில்லிக்கு இதில் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புஷ்பதந்தர் எழுதிய மகாபுராணத்தின் படங்கள் நிறைந்த காகிதப் பிரதி ஒன்று 1540-இல் பாலத்தில் உருவானது. இன்றைக்கு விமானம் ஏறப் போகிறோமே, அதே பாலம்தான். அந்தப் பிரதி இப்போது ஜெய்ப்பூரில் இருக்கிறது. அதன் படங்களும் கோட்டையும் தட்டை நிறத்தையும் நம்பி நிற்பவையே. இவற்றைப் பார்த்துப் பார்த்து, 'சமண ஓவியம் என்றால் நிழல் இல்லாதது' என்று மனசிலே ஒரு கணக்கு எழுதிவிட்டேன். அறுநூறு ஆண்டு முந்தின, ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் உள்ள சுவருக்கும் அதே கணக்கைப் போட்டதுதான் பிழை.

சுவரில் நிழலிடுவது பழைய வித்தை என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. அதுவும் என் அலமாரியிலேயே இருந்தது. விஷ்ணுதர்மோத்தரப் புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வரும் சித்திரசூத்திரம் ஓவியக் கலைக்கென்றே அமைந்த பகுதி. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பின் திருத்திய பதிப்பு 1928-இல் கல்கத்தாவில் வந்தது. தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராகத் தில்லியில் இருந்த நம் சிவராமமூர்த்தி 1978-இல் இதற்குத் தனி நூலே செய்தார். நிழலிடுவதற்கு அந்த நூல் தரும் பெயர் வர்த்தனை. அது மூன்று வகை. இலை நரம்பு போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிடுவது பத்ரஜம். மிக நுண்ணிய கோடுகளால் செய்வது ஐரிகம். புள்ளி வைத்து எழுப்புவது பிந்துஜம். கோட்டை மெச்சுகிறவர்கள் ஒரு சாரார், வர்த்தனையை மெச்சுகிறவர்கள் வேறொரு சாரார் என்று ரசிகர்களையே அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. அஜந்தாவின் முதல் குகையில் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவரின் உடம்பு சுவரிலிருந்து புடைத்து வருவது போலத் தோன்றுவது இந்த வித்தையால்தான். இதையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்தவன், சித்தன்னவாசலுக்கு வந்தபோது மறந்துவிட்டேன்.

அடுத்த கோடை விடுமுறையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சென்னை, திருச்சி, புதுக்கோட்டை. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். வெயில் என்றால் வெயில்.

சித்தன்னவாசலுக்குப் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மலையின் மேற்பக்கச் சரிவில் குடைந்த சிறு கோயில் அது. உள்ளே கருவறை. அதற்கு முன்னால் சுமார் இருபத்திரண்டு அடி நீளமும் ஏழரை அடி அகலமும் உள்ள அர்த்தமண்டபம். தூண்களில் ஆடல் மகளிர், ஓர் அரசனும் அரசியும். மேல் விதானத்தில் தாமரைக்குளம். அன்னம், மீன், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்துக்குப் போகும் வழியில் பவ்வியர்கள் இறங்கும் நீர்நிலை இது என்பது டி. என். இராமச்சந்திரன் முதலியோர் கொண்ட கருத்து. நான் அந்தக் கருத்தை ஏற்கிறேன். முகப்பை ஒட்டிய பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த அர்த்தமண்டபத்தைப் புதுக்கி, முன்னால் முகமண்டபமும் எடுத்தார் என்று அது கூறும். காலம், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் (815–862) காலம். கோபிநாத ராவ் சொல்லக் கேட்டுப் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் 1920-இல் இந்த ஓவியங்களை உலகுக்கு அறிவித்தபோது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தவை என்றார். அந்த முடிவு பிறகு மாறியது கல்வெட்டால்தான். பெரிய அறிஞர்களே மாற்றிக்கொண்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உள்ளே போய்க் கழுத்தை அண்ணாந்து பார்த்தோம். ரொம்ப நேரம் பேத்தி பேசவில்லை. அப்புறம் இந்தியில் கேட்டாள். தில்லிப் பிள்ளை, யோசிக்கும்போது இந்திதான் வரும்.

"தாத்தா, யே கிஸா ஹை க்யா?"

எனக்கு விளங்கவில்லை. இந்தியில் 'கிஸ்னா' என்றால் தேய்ப்பதும் அதுதான், தேய்ந்துபோவதும் அதுதான். ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். "தமிழ்ல கேளும்மா" என்றேன். கொஞ்சம் தடுமாறிவிட்டுக் கேட்டாள்: "இது அவங்க தேய்ச்சதா, இல்லே தானாத் தேஞ்சதா?"

தேய்த்தது, தேய்ந்தது. வேர் ஒன்றுதான். பிறவினைக்குத் 'த்த்', தன்வினைக்கு 'ந்த்'. தமிழில் அந்த ஒரு மெய்யெழுத்து வித்தியாசத்தில் செய்தவன் இருக்கிறானா இல்லையா என்பது தெரிந்துவிடும். நாற்பது வருஷம் தமிழ் படித்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால் சித்தன்னவாசலில் நிழலிட்ட நிறமும் இருக்கலாம், ஆயிரத்து இருநூறு ஆண்டில் காற்றும் ஈரமும் கையும் பட்டு மங்கிய நிறமும் இருக்கலாம். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் படும். அடர்ந்து தொடங்கி வெளுத்து முடியும். நான் 'தட்டை' என்று எழுதியது தவறென்றால், அவசரப்பட்டு 'நிழல்' என்று எழுதுவதும் அதே அளவு தவறாகிவிடும்.

எப்படிப் பிரிப்பது? அன்று அங்கேயே நின்று இரண்டு பேரும் ஒரு வழி பிடித்தோம். தேய்மானத்துக்குக் கோடு தெரியாது. ஈரம் இறங்கினால் இதழ் எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து இறங்காது. நிறத்தையும் தின்னும், எல்லைக்கோட்டையும் சேர்த்துத் தின்னும். ஓவியனோ கோட்டுக்குள் வேலை செய்வான். அதனால், எல்லைக்கோடு முழுசாக நிற்கிற இடத்தில், அதற்கு உட்புறம் மட்டும் நிறம் அடர்த்தியிலிருந்து வெளிறலுக்கு நகர்ந்தால், அது செய்தது. கோடும் உடைந்து நிறமும் போயிருந்தால், அது போனது. இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பூக்களில் ஒவ்வோர் இதழிலும் ஒரே பக்கம் ஒரே மாதிரி அடர்ந்திருந்தால் அது தற்செயல் அல்ல. தேய்மானம் அத்தனை ஒழுங்காக வேலை செய்யாது. (கணக்குப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் பிழை வந்தால் அது பிழை. எல்லாப் பக்கத்திலும் ஒரே பிழை வந்தால் யாரோ வேணும்னே செய்தது.)

இந்த அளவுகோலோடு தாமரைகளைப் பார்த்தோம். விதானத்தில் நன்றாகப் பிழைத்திருக்கும் பகுதியில் சில மலர்களின் இதழ்களில், கோடு சிதையாமல் நிற்க, விளிம்போரம் சிவப்பு அடர்ந்தும் உள்ளே வெளுத்தும் இருப்பதை என் கண்ணால் கண்டேன். அடுத்த மலரிலும் அப்படியே. இலைகள் சிலவற்றிலும் பச்சை ஒரே அடர்த்தியில் இல்லை. இது தேய்த்தது. வர்த்தனை என்று நான் கையெழுத்துப் போடத் தயார். தூணில் உள்ள ஆடல் மகளிரைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே மேனி நிறம் பல இடங்களில் போய்விட்டது, கோடும் விட்டு விட்டுத்தான் இருக்கிறது. அங்கே தெரிகிற மென்மை ஓவியனுடையதா காலத்தினுடையதா என்று அந்தச் சுவரைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கோயிலில் பழைய பூச்சின்மேல் ஒரு புதுப்பூச்சு ஏறியிருப்பதைத் தொல்லியலார் கண்டு எழுதியிருக்கிறார்கள். இளங்கௌதமன் 'புதுக்கியது' என்பதன் பொருள் அதுவாகவும் இருக்கலாம். அப்படியானால் நாம் பார்ப்பது ஒரு காலத்தின் கையை மட்டும் அல்ல.

பேத்தியின் அட்டைக்கு இதனால் வெற்றி என்று அவள் சொல்லிக்கொண்டாள். பாதிதான் ஒப்புக்கொண்டேன். சித்திரசூத்திரத்தின் மூன்று வகையிலும் விரலால் தேய்ப்பது இல்லை. இருக்கவும் முடியாது. சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவியும் மஞ்சளும் பச்சைமண்ணும் கரியும் நீர்க்கோலத்தில் ஏறுகின்றன. பிடித்துக்கொண்டபின் நகராது. அங்கே அடர்த்தி வேண்டுமானால் மேலே மேலே கோடோ புள்ளியோ மெல்லிய பூச்சோ ஏற்ற வேண்டும். உலர்பொடியைக் காகிதத்தில் தள்ளிக் கரைப்பது வேறு கை. நோக்கம் ஒன்று, கை வேறு.

ஆனால் பொடியைக் கோலாக உருட்டும் எண்ணம் நமக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் செய்த மானசோல்லாசத்தில், விளக்குக் கரியைச் சோற்றுப் பசையோடு பிசைந்து உருட்டிய எழுதுகோல் வருகிறது. அதன் பெயர் வர்த்திகை. 16-ஆம் நூற்றாண்டில் கேரளத்து ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்தினம், செங்கல் பொடியையும் உலர்ந்த சாணப் பொடியையும் குழைத்துச் செய்யும் கோலைச் சொல்கிறது. நிறப்பொடி, ஒட்டும் பொருள், உருட்டி உலர்த்தல். பேஸ்டல் செய்முறையும் இதுதானே! இவை மாதிரிக்கோடு இழுக்கத்தான் பயன்பட்டன, முழு ஓவியத்துக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வர்த்திகை என்ற சொல்தான் தமிழில் வட்டிகை. மணிமேகலை ஓவியத்தை வட்டிகைச் செய்தி என்னும். வர்த்தனை, வர்த்திகை இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால், நிழலிடுதலும் அதற்கான கோலும் சொல்லளவில் உடன்பிறப்புகள். நிறம் ஏற்றாத வெறும் கோட்டோவியத்துக்கும் நம் முன்னோர் தனிப்பெயர் வைத்திருந்தார்கள்: புனையா ஓவியம். நெடுநல்வாடையில் அந்தச் சொல் வருகிறது. புனையாதது என்று ஒன்றுக்குத் தனியாகப் பெயர் இருந்தால், புனைந்தது வழக்கில் இருந்தது என்றுதானே பொருள்?

சுண்ணம் என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். வடமொழிச் 'சூர்ண' பிராகிருதத்தில் 'சுண்ண' ஆகித் தமிழுக்கு வந்தது. பொடிக்கும் அது பெயர், சுவரில் பூசும் சுண்ணாம்புக்கும் அது பெயர். சீவக சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் யார் இடித்த சுண்ணம் சிறந்தது என்று போட்டி போடுவார்கள். சீவகன் இரண்டையும் வானில் தூவ, குணமாலையின் சுண்ணத்தை வண்டுகள் மொய்த்துக்கொள்ளும். தோற்ற சுரமஞ்சரி ஆண்களையே பார்க்கமாட்டேன் என்று சபதம் போட்டுவிடுவாள். ஒரு பொடிக்கு இவ்வளவு ரோஷமா என்று சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். பேத்தி, தன் ரோஸ் கலர் கோலைத் தம்பி உடைத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்தபிறகு சிரிப்பதில்லை.

உலர்பொடியை விரலால் கரைக்கும் கை நம்மிடம் உண்டா என்று கேட்டால், சுவரில் அல்ல, தரையில் உண்டு. மானசோல்லாசம் அதைத் தூளி சித்திரம் என்கிறது. வாசல் கோலம் அந்த இனம். எங்கள் ஊர் ஜினாலயத்தில் விதானப் பூசைக்கு மண்டலம் போடுவார்கள். அரிசி மாவை மஞ்சள், குங்குமம், இலைச்சாறு, கரி இவற்றில் பிசிறிக் காயவைத்து, கட்டம் கட்டமாக, இதழ் இதழாக நிரப்புவது. அப்பா அதில் கைதேர்ந்தவர். தாமரை இதழின் நுனியில் சிவப்பைத் தூவி, அடியில் வெள்ளையைத் தூவி, இரண்டும் சேரும் இடத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மெல்ல ஒரு சுழற்று சுழற்றுவார். கோடு தெரியாமல் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கும். நானும் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். தொட்டால் அடி விழும். பூசை முடிந்ததும் மண்டலத்தை அவரே கலைத்துவிடுவார். ஆறு வயதில் கண்ணெதிரே பார்த்த ஒன்றை அறுபது வயதில் 'நம்மவர்க்குத் தெரியாது' என்று எழுதினேன் பாருங்கள்.

மேலை நாட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்டலை ஐரோப்பா முழுதும் நாகரிகமாக்கியவர்களில் முதன்மையானவர் வெனிசு நகரத்து ரொசால்பா கரியேரா (1673–1757) என்ற பெண்மணி. நம் நாட்டில், 1580-இல் ஏசு சபைப் பாதிரிமார்கள் அக்பர் அவைக்குக் கொண்டுவந்த படங்களைப் பார்த்து முகலாய ஓவியர்கள் புதுவகை நிழலைப் பழகினார்கள். நுண்புள்ளியாலும் நுண்கோட்டாலும் அவர்கள் செய்த நிழலுக்குப் பர்தாஜ் என்று பெயர். ஐரோப்பியத் தூண்டுதல் என்பது உண்மைதான். ஆனால் கை பிந்துஜக் கைதான். பேஸ்டலை முறையாகக் கற்ற இந்தியர்களுள் அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) குறிப்பிடத் தக்கவர். கல்கத்தா ஓவியப் பள்ளியில் இருந்த இத்தாலியர் கிலார்டியிடம் கற்றார். பிறகு அதை விட்டு நீர்வண்ணத்துக்குப் போய்விட்டார். என் பழைய கட்டுரையில் 'வெள்ளைக்காரன் வந்தபிறகு' என்று எழுதியதில் உண்மை இந்த அளவுக்குத்தான். கோல் அவர்களுடையது. நிழல் அவர்களுடையது அல்ல.

சித்தன்னவாசலோடு நிற்க வேண்டியதில்லை. வாணியம்பாடிப் பக்கத்து ஆர்மாமலைக் குகை, போளூரை அடுத்த திருமலை, காஞ்சிபுரத்துத் திருப்பருத்திக்குன்றம் என்று நம் சமணச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டபத்தைக் கட்டியவன் விசயநகர மன்னனின் அமைச்சன் இருகப்பன். அதன் விதானத்துப் படங்களை டி. என். இராமச்சந்திரன் 1934-இல் நூலாகவே பதிவு செய்தார். ஆர்மாமலையில் எஞ்சியிருப்பது கொஞ்சம், அதுவும் திட்டுத் திட்டாக. அங்கே 'தேய்ந்ததா, தேய்த்ததா' என்று கேட்கக்கூட வருங்காலத்தில் சுவரில் ஏதும் இருக்குமா என்பதே என் கவலை. உள்ளூர் இளைஞர்கள் யாராவது நல்ல கேமராவோடு ஒவ்வோர் இதழாகப் படம் எடுத்து வைத்தால், நான் கண்ணால் செய்ததை அவர்கள் அளந்தே செய்யலாம். அட்டையும் காகிதமும் நான் தருகிறேன்.

தில்லிக்குத் திரும்பியதும் பேத்தி இரண்டு அட்டை செய்தாள். ஒன்றில் குளம் முழுசாக, இதழெல்லாம் நிழலிட்டு. மற்றதில் அதே குளம், ஆனால் சுவரில் போன இடமெல்லாம் அட்டையிலும் போயிருந்தது. அழிப்பானால் எடுக்காமல், துணியால் துடைத்துத் துடைத்து, கோட்டையும் சேர்த்து எடுத்திருந்தாள். முதல் அட்டையைப் பட்டர் பேப்பர் வைத்து வந்தவாசியில் இருக்கும் என் அக்காவுக்குத் தபாலில் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தார்.

"அட்டை வந்துச்சு தம்பி. பிரிக்கறப்பவே விரல்ல சிவப்பு ஒட்டிக்கிச்சு. பூ ஒண்ணு லேசாக் கலைஞ்சு போச்சு. குழந்தைகிட்ட சொல்லிடாதே" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா மண்டலத்துல போடுவாரே, அதே சிவப்பு" என்றார்.